பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து

தமாராவின் தங்கை அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். கோணலாக அச்சாகிவிட்ட தாள்களை வீட்டுக்கு எடுத்து வருவாள். தமாரா அவற்றில் போர்சோக் பொட்டலம் கட்டி வேலைக்குக் கொண்டுவருவாள். அப்படித்தான் எண்பத்தைந்தாம் வருடம் ஏப்ரல் மாதம் ஒரு நாள், ஃபுரூன்சே நகரத்துப் பால் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில், பொரித்த மாவின் எண்ணெய்க் கறைக்கு நடுவே என் எதிரியின் பெயரைப் பார்த்தேன்.

கெங்கேஷ் அசானவிச் முராதாலியெவ். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வுச் சுருக்கம். போஸ்-தெகே பனியாற்றின் உள்வெப்பநிலை. மே பதினேழாம் தேதி, காலை பதினோரு மணிக்கு, நிறுவனத்தின் பெரிய கூடத்தில் விவாதம். பொதுமக்கள் வரலாம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட?" என்றாள் தமாரா.

"இந்தத் தாள் எனக்கு வேணும்."

"போர்சோக் வேணாமா?"

"நீயே தின்னு."

அந்த மனிதனை ஏழு வருடமாக வெறுத்துக்கொண்டிருக்கிறேன். சும்மா எப்போதாவது நினைத்துக்கொள்கிற வெறுப்பு இல்லை. காலையில் காலுறை போடும்போது ஒரு தடவை, சாயங்காலம் கழற்றும்போது ஒரு தடவை, தவறாமல். என் இடது காலில் இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன. மீதி மூன்றும் அவன் கணக்கில் போனவை.

தாளை எண்ணெயோடு மேசைமேல் விரித்தேன். மடித்து வெட்டாத பெரிய அச்சுத் தாள், சுருக்கத்தின் எல்லாப் பக்கங்களும் மூன்று பேரின் பாராட்டுரையும் அதிலேயே இருந்தன. ஒரே ஒரு அட்டவணை. பனியாற்றில் தோண்டிய துளை, பன்னிரண்டு ஆழங்கள், பன்னிரண்டு வெப்பநிலைகள். மேலே கொட்டை எழுத்தில்: '1978 பிப்ரவரி 20. ஆசிரியர் தாமே நேரில் அளந்தது.' ஆழங்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் துளை அது. நான்கு மீட்டரில் தொடங்கி நூற்று நான்கு மீட்டரில் முடிகிற என் துளை. ஆனால் வெப்பநிலை எண்கள் எனக்குப் பழக்கமாகத் தெரியவில்லை. முதல் எண் மைனஸ் 4.58. அப்படி ஒரு எண்ணை நான் எழுதியதே இல்லை. திருடியதையும் மாற்றி எழுதியிருக்கிறானா என்று யோசித்துக்கொண்டே கீழே வந்தேன். கடைசி எண்ணில் கண் நின்றுவிட்டது.

நூற்று நான்கு மீட்டர் ஆழத்தில், பனிக்கட்டிக்கு உள்ளே, பிளஸ் 0.08 டிகிரி.

செல்சியஸில் பனி பூஜ்யத்தில் உருகும். பூஜ்யத்துக்கு மேலே பனி என்று ஒன்று கிடையாது, அதற்குப் பெயர் தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அது டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொடுத்தவனுக்கும் தெரியவில்லை, படித்துப் பார்த்து 'மிகச் சிறந்த ஆய்வு' என்று கையெழுத்துப் போட்ட மூன்று பெரியவர்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பாராட்டுரைகளை ஆய்வாளனே எழுதிக் கொடுப்பதும், பெரியவர்கள் கையெழுத்து மட்டும் போடுவதும் எங்கள் ஊரில் வழக்கம்தான்.

பிறகு ஏதோ தோன்றி, அந்த 0.08-உடன் 273-ஐக் கூட்டினேன். 273.08.

அந்த எண்ணை எனக்குத் தெரியும். செத்தாலும் மறக்காது. அதை எழுதிய நாளில்தான் என் கால் விரல்கள் கறுத்திருந்தன.

தமாராவின் முன்னால் நின்றுகொண்டு சிரித்தேன். அவள் பயந்துபோய்ப் போர்சோக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். நான் இயற்பியல் படித்தவள். எழுபத்தாறிலிருந்து இரண்டு குளிர்காலம் போஸ்-தெகே பனியாற்றின் நிலையத்தில் இருந்தேன். துளைக்குள் பன்னிரண்டு பிளாட்டினக் கம்பி வெப்பமானிகள் தொங்கின. பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்து, அவற்றோடு வந்த அட்டவணையைப் பார்த்து வெப்பநிலையை எழுத வேண்டும். அந்த அட்டவணை கெல்வினில் இருந்தது. நானும் கெல்வினிலேயே எழுதினேன். மலைமேல் அதற்கு இன்னொரு வசதியும் உண்டு. செல்சியஸில் எழுதினால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு மைனஸ் கோடு போட வேண்டும். விறைத்த விரலில் பென்சில் பிடிக்கிறவளுக்கு முதலில் விட்டுப்போவது அந்தக் கோடுதான். கெல்வினில் மைனஸே வராது. கழிக்கிற வேலையைக் கீழே வந்து சூடான அறையில் செய்துகொள்ளலாம்.

செல்சியஸுக்கு மாற்றக் கழிக்க வேண்டியது 273.15. பள்ளிக்கூடத்தில் அதன் வாலை நறுக்கிவிட்டு 273 என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு அறையின் வெப்பத்துக்கோ கொதிக்கும் பாலுக்கோ அது போதும். உருகும் நிலைக்குப் பக்கத்தில் நிற்கிற பனிக்கு அந்த வால்தான் உயிர். நிலையத்தின் தலைவன் கெங்கேஷ் புவியியல்காரன். வரைபடம் அழகாகப் போடுவான், மேடையில் அழகாகப் பேசுவான். பிளாட்டின வெப்பமானியைக் கையால் தொட்டதில்லை. குளிர்காலத்தில் ஒரு நாள்கூட மலையில் தங்கியதில்லை.

எழுபத்தெட்டு பிப்ரவரி பதினெட்டில், பூட்ஸுக்குள் நனைந்த கால் உறைந்துபோய், வானொலியில் அவனைக் கூப்பிட்டேன்.

"கெங்கேஷ் அசானவிச், கால் விரல் மூணு கறுத்துப்போச்சு. பனிவண்டி அனுப்புங்க."

"அடடா. இருபதாம் தேதி அளவு இருக்கே, உல்கான்?"

"எனக்கு நிக்கவே முடியல."

"ரெண்டே நாள். பாதியில விட்டா ரெண்டு வருஷ வரிசை அறுந்துபோகும். உன் உழைப்புதானே? அளவை எடுத்துட்டுச் சொல்லு, அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பும்."

நான் எடுத்தேன். துளையிலிருந்து வரும் கம்பிகள் குடிலுக்குள் ஒரு சிறு மேசையில் முடியும். ஒற்றைக் காலில் நின்று பன்னிரண்டையும் அளந்தேன். எடுத்தாயிற்று என்று சொன்னேன். வண்டி மார்ச் ஒன்றாம் தேதி வந்தது. ஒன்பது நாள். மருத்துவமனையில் நான் கிடந்தபோது, 'படியெடுத்துத் தருகிறேன்' என்று என் குறிப்பேடுகளை ஆள் விட்டு வாங்கிக்கொண்டான். நான் எழுந்து நடக்கத் தொடங்கியபோது, 'அனுமதியில்லாமல் பணியிடத்தை விட்டு வெளியேறினார்' என்று என்மேல் அறிக்கை எழுதியிருந்தான். குறிப்பேட்டைக் கேட்டேன். "எந்தக் குறிப்பேடு?" என்றான். நான்கு புகார்க் கடிதங்கள் போட்டேன். நான்கும் 'விசாரித்துப் பதில் தரவும்' என்ற குறிப்போடு அவன் மேசைக்கே போய்ச் சேர்ந்தன. விசாரித்தான், பதிலும் தந்தான். அதன்பிறகு எந்த ஆய்வு நிலையமும் என்னை வாசலில் நிற்கவிடவில்லை. ஏழு வருடமாகப் பால் எழுபத்திரண்டு டிகிரி தொட்டதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவன் என் எண்களைத் திருடியது மட்டுமில்லை, திருடியதைக் கெடுத்தும் வைத்திருந்தான். பன்னிரண்டு எண்ணும் ஒரே அளவுக்கு, பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து அதிகம்.

விவாதத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அவன் திருத்திக்கொள்வான். அந்த அழைப்பை நான் செய்யப்போவதில்லை என்பது முதல் நொடியிலேயே தெரியும். எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. என் எண்கள் என் பெயரில் நிற்க வேண்டும். அவன் நிற்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். லாரி நின்ற இடத்திலிருந்து குதிரையில் நான்கு மணி நேரம். நிலையத்தின் குதிரைக்காரர் சுயுன்பாய் அண்ணன் இன்னும் அங்கேதான் இருந்தார். இரண்டு குளிர்காலமும் என்னோடு அடுப்பெரித்தவர், என் பூட்ஸைக் கத்தியால் அறுத்துக் கழற்றியவர்.

"வா தங்கச்சி," என்றார், ஏழு வருடம் நடுவில் போகாதது மாதிரி. "ஒரு கால்ல நடந்து வந்தியா?"

"குதிரைக்கு நாலு கால் இருக்கே."

"கிண்டல் மட்டும் உறையல. டீ குடி."

"அண்ணே, அளவு மேசைக்கு மேல இருந்த சுவர்ப் பலகை இருக்கா?"

அந்தப் பலகைக்காகத்தான் வந்தேன். மலையில் மை உறையும், தாள் நமுத்துப்போகும். கையுறை போட்ட கையால் குறிப்பேட்டைப் புரட்டவும் முடியாது. அதனால் குளிர்காலத்தில் தங்குகிறவர்கள் எல்லோரும் அளவைத் தச்சன் பென்சிலால் முதலில் சுவரில் எழுதுவோம். கை சூடான பிறகு குறிப்பேட்டுக்கு மாற்றுவோம். குளிர்காலத்தில் தங்கியவனுக்குத்தான் இது தெரியும். கெங்கேஷ் தங்கியதில்லை.

சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"காத்து உள்ள வந்துச்சுன்னு நான்தான் ஒட்டினேன்," என்றார் சுயுன்பாய் அண்ணன்.

"பசை போட்டா?"

"மாவுப் பசை. இரு, பதறாத."

வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க, ஏதோ ஒரு மாநாட்டின் கைதட்டல்கள் கூழாகி வழிந்தன. அதற்கு அடியில் என் கையெழுத்து இருந்தது. தச்சன் பென்சில் கொஞ்சம்கூட மங்கவில்லை. '20.II.78' என்று தொடங்கி, 268.42 முதல் 273.08 வரை பன்னிரண்டு எண்கள். கீழே, எல்லோரும் செய்வதுபோல, முழுப் பெயர். அதற்கும் கீழே சுயுன்பாய் அண்ணன் சாட்சிக்கு வரைந்த குதிரை லாடம்.

அப்படியே சுவரில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

"இதைக் கொண்டுபோய் என்ன பண்ணப்போற?" என்றார்.

"கூடத்துல எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன். உங்க பனி பூஜ்யத்துக்கு மேல உருகாம எப்படி இருக்குன்னு."

"கேட்டா?"

"ரெண்டே பதில்தான் இருக்கு. பனி அப்படித்தான்னு சொன்னா முட்டாள். கெல்வின்லருந்து கழிச்சப்போ தப்பு வந்துச்சுன்னு சொன்னா, எந்தக் குறிப்பேட்டுலருந்துன்னு கேப்பாங்க. தானே செல்சியஸ்ல அளந்ததா எழுதியிருக்கான். அப்ப திருடன்."

சுயுன்பாய் அண்ணன் தாடியைத் தடவினார். "மூணாவது ஒண்ணு இருக்கே. கருவி கோளாறுன்னு சொல்லிட்டா? அவன் கொஞ்சம் அசடு வழிஞ்சுட்டுப் போயிடுவான். உன் எண்ணு மொத்தமும்ல குப்பைக்குப் போகும்?"

அந்த பயம் எனக்கும் இருந்தது. துளை எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. அந்த எண்களை இனி யாரும் அளக்க முடியாது.

"அதுக்குத்தாண்ணே பலகை."

"அப்ப அறுத்துட வேண்டியதுதான்," என்று ரம்பத்தை எடுத்தார். "காத்து வந்தா என் பழைய கம்பளத்தை அடைச்சுக்கறேன். பதினேழாம் தேதி நானும் வரேன். அவன் மூஞ்சியைப் பாக்கணும்."

மே பதினேழு. கூடத்தில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். தீர்ப்புச் சொல்கிற பதினேழு பேரும் முன்வரிசையில். விவாதம் முடிந்ததும் விருந்து என்பது ஊருக்கே தெரியும். வாக்கெடுப்புக்கு முன்பே ஆட்டை அடித்து, உணவகத்தில் மேசை போட்டிருந்தான். முன்வரிசைக்காரர்கள் அப்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில், கம்பளத்தில் சுற்றிய பலகையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சுயுன்பாய் அண்ணன், திருமணத்துக்கு வந்தவர் மாதிரி வெள்ளை உரோமத் தொப்பியோடு.

மேடைக்குப் பின்னால் ஆளுயரத் தாளில் அந்த அட்டவணை தொங்கியது. பன்னிரண்டு எண்களும் ஒவ்வொன்றும் கையகலத்துக்கு. கெங்கேஷ் கொஞ்சம் பருத்திருந்தான். சாம்பல் நிற உடுப்பு, வாயெல்லாம் பல். நாற்பது நிமிடம் பேசினான். "உறைபனியில, கடுங்காத்துல, நானே என் கையால அளந்தது," என்று அந்தத் தாளைக் குச்சியால் தட்டினான். பலகை இருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கேள்விகள் தொடங்கின. ஒருவர் ஆற்றுநீரைப் பற்றி ஏதோ கேட்டார், இன்னொருவர் வாழ்த்தினார். "கூடத்துல வேற யாராவது?" என்று தலைவர் ஒரு கடமைக்குக் கேட்டார். நான் எழுந்தேன்.

"பால் தொழிற்சாலையிலருந்து வந்திருக்கேன். ஒரு சின்ன சந்தேகம்."

சிலர் சிரித்தார்கள். கெங்கேஷும் சிரித்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "கேளுங்க, கேளுங்க. நம்ம பாலும் பனியாத்துத் தண்ணிலதான் வருது."

"கடைசி எண்ணைக் கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?"

"பிளஸ் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு."

"அந்த ஆழத்துல இருக்கறது பனியா, தண்ணியா?"

"பனிதான். திடமான பனி."

"பூஜ்யத்துக்கு மேல போயும் உருகாத பனியா? அது எங்க கிடைக்கும்னு சொன்னா, எங்க ஐஸ்கிரீம் பிரிவுல வாங்கிப்போம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆனால் முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை சட்டென்று நிமிர்ந்தது. லெவ் ஒசிபவிச், அந்தப் பதினேழு பேரில் ஒரே இயற்பியல்காரர், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"ஆமா," என்றார் சத்தமாக. "பிளஸ் போட்டிருக்கே. இது எப்படி?"

கெங்கேஷின் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "நூத்துல எட்டு பங்கு, லெவ் ஒசிபவிச். அதெல்லாம் பிழை வரம்புக்குள்ள..."

"ஆய்வுச் சுருக்கத்துல உங்க பிழை வரம்பு நூத்துல ஒரு பங்குன்னு போட்டிருக்கீங்க," என்றேன். "ஏழாம் பக்கம்."

அவன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை சரியாகப் பார்த்தான். என் முகத்திலிருந்து கண் கீழே இறங்கி, காலில் நின்றது. நிறம் மாறினான். அந்த நிறத்தைப் பார்க்கத்தான் ஏழு வருடம் காத்திருந்தேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

"கருவில கொஞ்சம் கோளாறு இருந்திருக்கலாம்," என்றான். சுயுன்பாய் அண்ணன் என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

"அப்ப பன்னிரண்டு எண்ணும் தப்பா? மொத்தமும் குப்பையா?" என்றார் லெவ் ஒசிபவிச்.

"அப்படி இல்ல. அளவு எடுத்தது... பாருங்க, நிலையத்துல ஒரு பொண்ணு இருந்தா. சரியா பயிற்சி இல்லாதவ. பாதியில ஓடியும் போயிட்டா. அவ படிச்ச எண்ணுல அங்கங்க தப்பு வந்திருக்கு. அதுக்கு நான் என்ன பண்றது?"

தலைவர் மெதுவாகக் கேட்டார்: "கெங்கேஷ் அசானவிச், 'ஆசிரியர் தாமே நேரில் அளந்தது'ன்னு எழுதியிருக்கே?"

கெங்கேஷ் தாளின் உச்சியைத் திரும்பிப் பார்த்தான். முட்டாள் பட்டத்திலிருந்து தப்பிக்க ஓடி, திருடன் பட்டத்தில் தானாகவே போய் விழுந்திருந்தான். நான் தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் தள்ளினேன். பலகையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மேடைக்குப் போனேன். சுயுன்பாய் அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கம்பளத்தைப் பிரித்து, அவன் தாளுக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்து வைத்தோம்.

"அந்தப் பொண்ணு நான்தான்," என்றேன். "ஓடிப்போகல. ஓடறதுக்குக் கால் இல்ல. இது போஸ்-தெகே குடிலோட சுவர். அன்னிக்கு நான் படிச்ச எண்ணு இது. எல்லாம் கெல்வின்ல இருக்கு."

"நான் பக்கத்துல அடுப்புக்கு விறகு போட்டுட்டிருந்தேன்," என்றார் சுயுன்பாய் அண்ணன் கூடத்தைப் பார்த்து. "இவர் அன்னிக்கு இந்த ஊர்ல உக்காந்து வானொலில பேசிட்டிருந்தார்."

லெவ் ஒசிபவிச் எழுந்து வந்தார். பலகைக்குக் கிட்டத்தில் மூக்கை வைத்துப் படித்தார். சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 273.08 என்று எழுதி, அதன் கீழே 273.15 எழுதி, கழித்தார். மைனஸ் 0.07.

பிறகு இன்னொரு மூலையில் எதையோ பெருக்கினார். "நூத்து நாலு மீட்டர் பனியோட எடை மேல அழுத்துது," என்றார் தனக்குள் சொல்வதுபோல. "அந்த அழுத்தத்துல பனி உருகற நிலை கொஞ்சம் கீழ இறங்கும். எவ்வளவு? பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு." திரும்பி என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க பனியாறு அடியில ஈரமா இருக்கு. வழுக்கிட்டு நகருது. இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஏழு வருஷமா தெரியும்."

"இவ்வளவு சுத்தமான அளவை நான் பார்த்ததில்ல." பிறகு கெங்கேஷ் பக்கம் திரும்பினார். "இருநூத்தி எழுபத்து மூணைக் கழிச்சீங்களா, ஐயா? பள்ளிக்கூடத்துல மாதிரி?"

அவன் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டான்.

தலைவர் வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றார். முன்வரிசைக்கும் அதுதான் வசதி. அவனைத் தோற்கடித்துவிட்டு, வேறு எங்காவது போய்ச் சாப்பிடலாம். அதில் பதினாறு பேர் பிறகு அவனுக்கு எதிராகத்தான் போட்டார்கள். ஆதரித்த அந்த ஒரு புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் நான் மேடையை விட்டு இறங்கவில்லை.

"முதல்ல தாளைத் திருத்தட்டும்," என்றேன்.

"அம்மா, அதை அப்புறம்..."

"இந்தத் தாள் ஆவணக் கிடங்குக்குப் போகும். தப்பான எண்ணு போனா, நாளைக்கு எவனாவது எடுத்துப் பாத்துட்டுக் குப்பைன்னு தூக்கிப் போடுவான். என் எண்ணு சரியா போகணும். திருத்தறது அவர் கையாலதான் நடக்கணும்."

"நியாயம்," என்றார் லெவ் ஒசிபவிச். சிவப்பு மைப் பேனாவைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினார்.

கெங்கேஷ் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான், எண்பது பேர் பார்க்கிறார்கள். மைனஸ் 4.58-ஐ அடித்தான். யோசித்தான். மைனஸ் 4.43 என்று எழுதினான்.

"கீழ போகணும்," என்றேன். "இன்னும் குளிரா. மைனஸ் நாலு புள்ளி ஏழு மூணு."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவன் காது சிவந்தது. அடித்து எழுதினான். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தான். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எண்ணையும் பார்த்தேன். ஒரு இடத்தில் மை சொட்டியது. அவசரப்படுத்தவில்லை. அவனும் ஒருநாள் என்னை ஒற்றைக் காலில் பன்னிரண்டு எண் எழுத வைத்தவன். எழுதட்டும், எனக்கு நேரம் இருந்தது. கடைசி எண்ணில் பிளஸை அடித்து மைனஸ் 0.07 என்று எழுதினான். பேனாவை நீட்டினான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன்.

தாளின் உச்சியில், 'ஆசிரியர் தாமே நேரில் அளந்தது'. அதை ஒரே கோட்டில் அடித்தான். 'அளந்தவர்:' என்று எழுதினான். பக்கத்தில் 'உல்கான்' என்று எழுதிவிட்டு நிறுத்தினான். பேனா காற்றிலேயே நின்றது. திரும்பினான். தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"உன் குடும்பப் பேர் என்ன?"

அவன் சும்மா கேட்கவில்லை, குத்தலாகவும் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. என்மேல் அறிக்கை எழுதியவன், நான்கு புகாருக்கும் பதில் எழுதியவன், அந்தப் பெயரை மறந்தே போயிருந்தான். எனக்கு அவன் அப்பா பெயர் தெரியும், பிறந்த ஊர் தெரியும். அவன் கையெழுத்தில் கடைசி எழுத்து எப்படி வளையும் என்பதுகூடத் தெரியும். ஏழு வருடம் தினமும் இரண்டு தடவை அவனை நினைத்திருக்கிறேன். என் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த என் பெயர், படியெடுத்தவனின் மனதில் ஒருநாள்கூடத் தங்கியதில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு சொன்னேன். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லை. கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி.

"பலகையில இருக்கு. பார்த்து எழுதுங்க. அது உங்களுக்கு நல்லா வருமே."

அவன் பலகை முன்னால் குனிந்தான். பென்சில் எழுத்து சிறியதாக இருந்ததால் இன்னும் குனிய வேண்டியிருந்தது. ஒரு எழுத்தைப் பார்ப்பான், நிமிர்ந்து தாளில் எழுதுவான், மறுபடி குனிவான். 'சரிபயேவா' என்று எழுதி முடிக்கிறவரை நான் நகரவில்லை.